பங்கேற்பு ஏணி

தலைமையாசிரியர் தேவகுமார் நாகர்கோவிலில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பியபோது ஒரு கோப்பையும், கழுத்தில் தொங்கும் அட்டையையும், தம் பள்ளிப் பிள்ளைகள் சரியாகப் படிக்காததற்கான காரணத்தையும் கொண்டுவந்தார். காரணம் பெற்றோர். பயிற்சி கொடுத்தவர் அதைப் படமாகவே போட்டுக் காட்டியிருந்தார். பிள்ளை செடி, பள்ளி தொட்டி, பெற்றோர் தண்ணீர். மூன்று நாளும் மதியம் பிரியாணி கிடைத்ததால் சொன்னதெல்லாம் அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

பள்ளி அருமனைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் பால்வெட்டுத் தொழிலாளிகளின் பிள்ளைகள். தேவகுமார் அங்கே வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கெட்ட மனிதர் அல்ல. சபையின் செயலரும் அவர்தான். ஆராதனைக்கு முதல் மணி அடிப்பதற்குள் கோயிலில் இருப்பார். வெள்ளிக்கிழமைகளில் சபையார் கூடும் ஏரியா ஜெபத்தில், வந்த வீடுகளின் பெயரை வாசித்து எழுதுவதும் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை பாடுபட்டிருக்க மாட்டார். நல்லது செய்தே தீருவது என்று முடிவெடுத்துவிட்ட மனிதரிடமிருந்து மற்றவர்கள் தப்புவது கொஞ்சம் கஷ்டம்.

முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். காலையில் சூரியன் உதிக்கும் படத்துடன் ஒரு பொன்மொழி, மாலையில் சூரியன் மறையும் படத்துடன் இன்னொன்று, இடையில் ஒன்பது. கைகூப்பும் படம் போட்டுப் பதில் அனுப்பும் பெற்றோருக்கு ஒரு நட்சத்திரம். முதல் மாதம் அதிக நட்சத்திரம் வாங்கியவர் ஸ்டெனி. கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவர். ஆளில்லாத உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதால் எந்தச் செய்திக்கும் அரை நிமிடத்தில் கைகூப்பிவிடுவார். 'சிறந்த பெற்றோர்' என்று அவர் படத்தைப் பெரிய பிளெக்சில் அடித்துப் பள்ளி வாசலில் கட்டினார்கள். அதற்கு நன்றி சொல்லி அவர் அனுப்பிய செய்தியில், 'ஆறாம் வகுப்பில் என் மகனுக்கு நல்ல அடித்தளம் அமைத்துத் தரும் ஆசிரியர்களுக்கு' என்று எழுதியிருந்தார். பையன் எட்டாம் வகுப்பில் இருந்தான். பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை.

இரண்டாவதுதான் ஏணி. ஓவிய ஆசிரியர் பெரிய அட்டையில் ஆறு படிகள் வரைந்து எட்டாம் வகுப்புச் சுவரில் ஒட்டினார். உச்சியில் 'முழு ஈடுபாடு'. அடியில் தரை, அங்கே 'அக்கறையின்மை'. ஒவ்வொரு பெற்றோருக்கும் காகிதத்தில் ஒரு பொம்மை வெட்டி, கீழே பிள்ளையின் பெயரை எழுதி, அந்தந்தப் படியில் குத்தினார்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெற்றோர் கூட்டம். நேரில் வந்தால் பெற்றோருக்குக் கொடுத்திருந்த சிறு அட்டையில் பச்சை முத்திரை. பொம்மை ஒரு படி ஏறும். வராவிட்டால் பதிவேட்டில் சிவப்பு மை.

மூன்றாவது மாதச் சுற்றறிக்கையில் ஒரு விதியும் சேர்ந்துகொண்டது. எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு எழுத விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பச்சை முத்திரையாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் படிவம் மேலே போகாது. 'தண்ணீர் ஊற்றாதவர் பூவை எதிர்பார்க்கலாகாது' என்று தேவகுமார் தம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அஜிஷாவின் அம்மா ரெஜிலாவின் பொம்மை தரையில் நின்றது. அட்டையில் ஒரு முத்திரையும் இல்லை. மூன்றாவது கூட்டம் வரப்போகும் புதன்கிழமை. படிவம் அனுப்பக் கடைசி நாளும் அதே புதன்கிழமைதான்.

இது வகுப்பாசிரியை குளோரியை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் அந்தத் தேர்வில் தேறியதில்லை. அஜிஷா தேறுவாள் என்று குளோரி நம்பினாள். தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவள் படிப்புக்குத் தடை வராது. ஒருநாள் தலைமையாசிரியரிடம் மெல்லப் பேச்செடுத்தாள்.

"சார், மீட்டிங்க மூணு மணிக்கு வச்சா பால்வெட்டுக்காரங்க எல்லாரும் வருவாங்க. காலையில அவங்களுக்கு வர வழியில்ல."

"டீச்சரே, பதினொரு மணிக்குள்ள மீட்டிங் போட்டோவ மேல ஆபீசுக்கு ஏத்தணும். அதுவும் போக, மூணு மணிக்கு வெளிச்சம் சன்னல் வழியா பின்னால இருந்து வரும். ஒருத்தருக்க முகமும் தெரியாது."

"முகம் தெரியாட்டா என்ன சார், ஆளு இருப்பாங்கல்லா?"

"அக்கறை இருந்தா எப்பவும் வரலாம்" என்று தேவகுமார் பேச்சை முடித்தார்.

அவர் ரப்பர் மரங்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர். பால் எடுக்கும் நேரம் என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. பயிற்சிக் கோப்பில் அது இல்லை, அவ்வளவுதான். ரெஜிலா காலை ஐந்து மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவாள். முந்நூற்றைம்பது மரத்திலும் பட்டையைக் கீறி முடிக்கும்போது மணி எட்டாகிவிடும். மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டி நிறையும்வரை காத்திருந்து, ஒன்பதரைக்கு வாளியை எடுத்தால் பத்தரைக்குள் எடுத்து முடிக்கவேண்டும். தாமதித்தால் சிரட்டையிலேயே கட்டிப்போகும். மழை விழுந்தால் எல்லாம் தண்ணீர். கணவன் கோட்டயத்தில் கட்டட வேலையில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான். அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, பாலை உறையவிட்டு ஷீட் அடிக்கும் கொட்டகையில் ரெஜிலா உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அஜிஷா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, மத்தவங்க பரீட்சைப் பாரத்துலயெல்லாம் ஹெச்செம் சார் ஒப்பு போட்டாச்சு. நம்ம தோட்டத்துல உள்ள சிஜின், ஜெனிலா, லிஜோ, எனக்கன்னு நாலு பாரம் மட்டும் மேசை ஓரத்துல தனியா இருக்கு. மேல கல்லு வச்சிருக்காரு."

"கல்லு எதுக்கு?"

"பறந்து போவாம இருக்க."

"அப்ப கிழிச்சுப் போடல்லல்லா" என்றாள் ரெஜிலா. "நாளைக்கு நான் வாறேன்."

"எப்பிடி வருவிய?"

"வாறேன்னு சொன்னேம்லா. நீ அந்தப் பாடத்த வாசி."

அஜிஷா வாசித்தாள். ஏணியில் தன் அம்மாவின் பொம்மை வெறுங்கையுடன் நின்றதைப் பொறுக்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் பென்சிலால் அதன் கையில் ஒரு வாளி வரைந்திருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

தோட்டம் கிருஷ்ணமணியுடையது. பன்னிரண்டு ஏக்கர், நான்கு வெட்டுக்காரர்கள். அவர்தான் பள்ளியின் புரவலரும். பள்ளிக்கு எட்டு மின்விசிறி கொடுத்திருந்தார். ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயர் எழுதியிருக்கும். சுற்றும்போது வாசிக்க முடியாது என்பதால் அவர் வரும் நாட்களில் விசிறிகளை நிறுத்திவைப்பார்கள். அவருடைய பேத்தி மார்த்தாண்டத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல் அவருக்கிருந்த அன்பு மற்றவர்களின் பிள்ளைகளுக்கானது.

அன்று ஷீட்களை எண்ண வந்தவரிடம் ரெஜிலா கேட்டாள்.

"மொதலாளி, நாளைக்கு ஒரு மணிக்கூர் விடணும். பள்ளிக்கூடத்துல மீட்டிங்."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பதரைக்கு."

"அப்ப பால எடுக்கது ஆரு? நானா?"

"மத்த மூணு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தாறோம்னு சொன்னாவ."

"அவங்களுக்க பாலு கட்டிப்போவதுக்கா? மலைப்பக்கம் பாத்தியா, எப்பிடி கறுத்துக் கெடக்குன்னு. நாளைக்கு ஒரு சொட்டு வீணாகப்பிடாது."

"பிள்ளைக்க பாரம் மொதலாளி. நாளைக்குக் கடேசி நாளு."

கிருஷ்ணமணி வாசல்வரை போய்விட்டார். இப்படி ஒருத்தி பின்னால் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பேச்சை முடிக்கத் தோதாக ஒன்று சொன்னார்.

"ஏட்டி, நீ எதுக்கு வெப்ராளப்படுக? நானும் அந்த மீட்டிங்குக்குத்தானே போறேன். உங்க நாலு பேருக்கும் சேத்து நான் கேட்டுட்டு வாறேன். போ, வேலையப் பாரு."

ரெஜிலா அழவில்லை. தண்ணீர்க்குழாய்ப் பக்கம் நேசபாயைக் கண்டபோது நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நேசபாய் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். கூட்ட நாளில் டீ போடுவதும் அவள்தான். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியும் ஜெபமுமாகப் போய் நிற்பாள். எவரைப் பற்றியும் நல்லதையே நம்புகிறவள். அதனால் ஊரில் பலருக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்.

"நாலு வீட்டுக்கும் சேத்து நிக்கேன்னு சொன்னாரா?" என்று நேசபாய் கேட்டாள். "எவ்வளவு நல்ல மனசு பாத்தியா!"

"அக்கா, அவரு என்னப் பறஞ்சு அனுப்பதுக்குச் சும்மா சொன்னாரு."

"எதுக்குச் சொன்னா என்ன பிள்ளே? வாயத் தொறந்து சொல்லிட்டாருல்லா."

அன்று இரவு ஜெபத்தில் நேசபாய் கிருஷ்ணமணிக்காக விசேஷமாக நன்றி சொன்னாள். இரண்டு முறை.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அலுவலர் அம்மா ஒருவர் வந்திருந்தார். பெற்றோர் ஈடுபாட்டில் முன்னிற்கும் பள்ளிகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. தேவகுமார் வெள்ளைச் சட்டையில், கழுத்தில் அட்டையுடன், வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார். எட்டாம் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள்; அவர்களைப் பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிட்டு அந்த அறையிலேயே கூட்டம். போட்டிருந்த நாற்காலிகளும் இருபத்தேழு. வந்திருந்தவர்கள் பதினொருவர். மின்விசிறிகள் நின்றிருந்தன. எல்லாரும் வேர்த்தார்கள்.

முதலில் புரவலர் பேசினார்.

"பிள்ளைங்க படிக்கணும்னா பெத்தவங்களுக்கு அக்கறை வேணும்" என்றார் கிருஷ்ணமணி. "இப்ப இந்தக் காலி நாற்காலிகளப் பாருங்க. யாரு வரல்ல? பால்வெட்டுக்காரங்க. எனக்க தோட்டத்துலயே நாலு பேரு இருக்காங்க. ஒருத்தரையாவது காணுதியளா? பிள்ளைய விட பாலு பெரிசாப் போச்சு."

அலுவலர் அம்மா வருத்தத்துடன் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். டீத் தட்டுடன் உள்ளே வந்த நேசபாய் அப்படியே நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நல்ல மனிதர் ஒருவர் தம் நல்ல காரியத்தை மறந்துவிட்டாரே என்ற கவலைதான் இருந்தது.

பேச்சு முடிந்ததும் தேவகுமார் பதிவேட்டைத் திறந்தார். வலது கையில் பச்சை முத்திரை, இடது கையில் சிவப்புப் பேனா.

"அஜிஷா. பெற்றோர்?"

யாரும் எழவில்லை. சிவப்புப் பேனா காகிதத்தை நோக்கிச் சென்றது.

"சாரே" என்றாள் நேசபாய். "அந்த வீட்டுக்கு மொதலாளி வந்திருக்காரு."

"எந்த மொதலாளி?"

"நம்ம மொதலாளிதான். ரெஜிலாக்குப் பால் எடுக்கதுக்குள்ளதுனால, உனக்கும் சேத்து நான் கேட்டுட்டு வாறேன்னு நேத்தே சொல்லிட்டாரு. நாலு வீட்டுக்கும் அவருதான். தன்னப் பத்தித் தானே சொல்லப்பிடாதுன்னு மறச்சுட்டாரு."

கிருஷ்ணமணி டீயை உதட்டருகே கொண்டுபோனவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேசபாய், நீ டீயக் குடு" என்றார் தேவகுமார்.

"குடுத்துட்டேன் சாரே."

"பெற்றோர் நேர்ல வரணும்னுதான் விதி."

"ஏரியா ஜெபத்துல நீங்கதானே சாரே பேரு வாசிக்கது? வரமுடியாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எந்திரிச்சு நின்னா வந்ததாத்தானே எழுதுவிய. போன வெள்ளி உங்க வீட்டுக்கு நான்தானே எந்திரிச்சு நின்னேன். தேவசமூகத்துல செல்லுகது பள்ளிக்கூடத்துல செல்லாதா?"

பெற்றோர் வரிசையில் யாரோ இருமினார்கள். போன வெள்ளிக்கிழமை தேவகுமார் இந்தக் கூட்டத்துப் போட்டோவுக்காக முடிவெட்டப் போயிருந்தது ஊருக்கே தெரியும்.

அலுவலர் அம்மா பேனாவை எடுத்தார். முகம் மலர்ந்திருந்தது. "தொழிலாளிகளோட பிள்ளைகளுக்காக உரிமையாளரே வந்து உக்காந்திருக்காரா? எங்கயும் நான் இதப் பாத்ததில்லையே! உண்மையா சார்?"

எல்லாரும் கிருஷ்ணமணியைப் பார்த்தார்கள். ஓவிய ஆசிரியர் கைபேசியை உயர்த்திப் படம் எடுக்கத் தயாரானார்.

"ஆமா… பின்ன" என்றார் கிருஷ்ணமணி. "நம்ம பிள்ளைங்கதானே."

முதலில் அஜிஷாவின் வீட்டுக்கு அவர் நின்றார். பிறகு சிஜின், ஜெனிலா, லிஜோ வீடுகளுக்கும் ஒவ்வொரு முறையாக எழுந்து நின்றார். இது எப்படி என்று கண்டுகொண்ட மற்றவர்கள், ஏரியா ஜெபத்தில் போலவே, பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். பத்து நிமிடத்தில் இருபத்தேழு வீடும் வந்துவிட்டது. தேவகுமார் பதிவேட்டைப் பார்த்தார். ஒரு சிவப்புக்கோடுகூட இல்லை. இத்தனை மாதமும் அவர் கனவில் கண்ட பக்கம் அதுதான். "நூற்றுக்கு நூறு, மேடம்" என்று பதிவேட்டை அலுவலர் அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். எதிரே பதினாறு நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

அடுத்து வினாத்தாள். 'உங்கள் பிள்ளையை நீங்கள் அறிவீர்களா?' பத்துக் கேள்விகள். வந்தவர்களுக்கெல்லாம் குளோரி கொடுத்தாள். கிருஷ்ணமணிக்கு நான்கு தாள். முதல் தாளில் 'அஜிஷா' என்று எழுதிவிட்டு அவர் பேனாவைப் பார்த்தார். பிறகு கூரையில் தன் பெயரைப் பார்த்தார். பிறகு குளோரியைப் பார்த்தார்.

"டீச்சரே, இந்தப் பிள்ளைக்குப் பிடிச்ச பாடம் எது?"

"பெற்றோர்தான் சார் சொல்லணும்" என்றாள் குளோரி, மிகவும் பணிவாக.

அலுவலர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். "தெரியலேன்னா அவங்க அம்மாகிட்டயே போன்ல கேளுங்களேன் சார். எல்லாரும் கேக்கட்டும், ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி பத்தேகால். ரெஜிலா தோட்டத்தின் மேல்கோடியில், கையாலைக் கல்சுவர் ஓரமாக வாளியுடன் நின்றாள். அந்த இடத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். இரண்டு மரம் தள்ளி நடந்தால் அறுந்துவிடும். முதலாளியின் பெயரைக் கண்டதும் பால் ஒட்டிய விரலால் எடுத்தாள்.

"எடுத்துட்டே இருக்கேன் மொதலாளி, இனி ஒரு அம்பது மரந்தான்—"

"அதில்ல பிள்ளே" என்றார் கிருஷ்ணமணி. அவர் குரலில் இதுவரை அவள் கேட்டிராத ஒரு குழைவு இருந்தது. "உனக்க மவளுக்குப் பிடிச்ச பாடம் எது?"

முதலாளிக்குத் தலையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று ரெஜிலா பயந்திருக்கக்கூடும்.

"சமூக அறிவியல்" என்றாள். "ஆனா கேட்டா கணக்குன்னுதான் சொல்லுவா. சமூகம்னு சொன்னா பள்ளிக்கூடத்துல மதிக்க மாட்டாங்களாம்."

கிருஷ்ணமணி எழுதினார். "கஷ்டமான பாடம்?"

"வட்டத்துக்க சுற்றளவு, பரப்பளவு. ரெண்டையும் மாத்திப் போடுவா. முந்தாநேத்து சிரட்டையக் கவுத்தி வச்சுத் தரையில வரஞ்சு, ஓரம் ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு பிரிச்சுக் காட்டுனேன். இப்பம் சரியாயிட்டு. மொதலாளி, இது எதுக்கு?"

"சும்மாதான். நீ சொல்லு. வீட்டுல எப்பம் படிப்பப் பத்திப் பேசுவிய?"

"ஷீட் அடிக்கும்போ. அவ வாசிப்பா, நான் உருளை சுத்துவேன். எனக்கு வெளங்காத எடத்துல ஏன்னு கேப்பேன். அவளுக்கும் தெரியலேன்னா மறுநாள் டீச்சர்ட்ட கேட்டுட்டு வருவா."

குளோரி நிமிர்ந்தாள். தினமும் காலையில் மணி அடிக்குமுன் மேசையருகே வந்து நின்று அஜிஷா கேட்கும் கேள்விகள் அவளுக்கு நினைவு வந்தன. எத்தனை கூர்மையான பிள்ளை என்று இத்தனை நாளும் வியந்திருந்தாள். அதில் பாதி கொட்டகையிலிருந்து வந்தது.

"நெருங்கிய தோழி?"

"ஆன்ஸ்லின். ஆனா ஒரு மாசமா ரெண்டு பேரும் பேசல்ல."

"அது ஏன்?"

"போன மீட்டிங்குல ஏணியில பொம்மைய ஏத்துன பெறவு. ஆன்ஸ்லினுக்க அம்ம ரெண்டாம் படி, நான் தரை. யாரோ சிரிச்சிருக்கு. பிள்ளைங்கதானே மொதலாளி."

முன்வரிசையில் ஆன்ஸ்லினின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் படி ஏறியபோது அவளுக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. சுவரில் ஏணி எல்லாருக்கும் தெரியும்படி பெரிதாக இருந்தது.

கிருஷ்ணமணி அடுத்த கேள்வியை வாசிக்கத் தயங்கினார். பிறகு வாசித்தார். "பிள்ளை எதுக்குப் பயப்படும்?"

"பரீட்சைக்குப் பயம் கெடையாது. அசெம்பிளியில எழுப்பி நிறுத்தி, உனக்க அம்மா ஏன் வரல்லன்னு ஹெச்செம் சார் கேக்கதுக்குப் பயம். புதங்கிழமையானா வயிறு வலிக்குன்னு சொல்லுவா. சாரு நல்லவருதான். வேணும்னு கேக்கல்ல. இவளுக்குத்தான் பதில் சொல்லத் தெரியல்ல."

தேவகுமார் பதிவேட்டின் விளிம்பை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது. அவர் கேட்டது உண்மை. எல்லாப் புதன்கிழமையும் கேட்டார். அதைத் தண்ணீர் ஊற்றுவது என்றே நினைத்திருந்தார்.

கைபேசியில் இலைகளின் மேல் ஏதோ சடசடவென்று விழும் சத்தம் கேட்டது.

"மொதலாளி, வைக்கட்டா? மழ வருது. பாலு கெடக்கு."

கிருஷ்ணமணியின் உள்ளம் அந்த நொடியில் எங்கே ஓடியது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஐம்பது சிரட்டை. சன்னல் வழியே அவரும் மழையைப் பார்த்தார். அலுவலர் அம்மாவின் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. நேசபாய் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, இந்த மனிதர் சரியானதைத்தான் சொல்வார் என்ற முழு நம்பிக்கையுடன் அவரையே பார்த்தாள். அப்படிப்பட்ட பார்வைக்கு முன்னால் ஒரு மனிதனால் என்ன செய்யமுடியும்?

"பாலு கெடக்கட்டும் பிள்ளே" என்றார், ஏதோ பல்லைப் பிடுங்கியதுபோல். "நீ சொல்லு. இனி நாலு கேள்விதான்."

கடைசிக் கேள்வி, பள்ளிக்கு உங்கள் ஆலோசனை என்ன என்பது. ரெஜிலா மழைக்குள் நின்று யோசித்தாள்.

"மீட்டிங்க மூணு மணிக்கு வச்சா நான் வருவேன். இன்னைக்கு வாறேன்னு பிள்ளைட்ட சொல்லிட்டேன், வரமுடியல்ல. அவளுக்க பாரத்த மட்டும் அனுப்பச் சொல்லி நீங்க சாருட்ட ஒரு வார்த்த சொல்லுவியளா மொதலாளி?"

அதற்கு அவர் பதில் சொல்லுமுன் மழைச்சத்தத்தில் இணைப்பு அறுந்தது. பிறகு சிஜின், ஜெனிலா, லிஜோவின் பெற்றோருக்குப் போன் செய்தபோது யாரும் எடுக்கவில்லை. அவர்கள் ரெஜிலாவின் சிரட்டைகளில் எடுக்க முடிந்ததை எடுக்க ஓடியிருந்தார்கள்.

மற்றவர்களின் வினாத்தாள்களையும் குளோரி வாங்கினாள். ஸ்டெனியின் மனைவி பத்துக் கேள்விக்கும் 'நன்றாகப் படிக்கவேண்டும்' என்று எழுதியிருந்தாள். இன்னொருவர் தம் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதி, ஒன்பது இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். நேர்மையான மனிதர்.

குளோரி தலைமையாசிரியரின் அறைக்குப் போய், கல்லை எடுத்துவிட்டு, நான்கு படிவங்களையும் கொண்டுவந்து, அஜிஷாவினுடையது மேலே இருக்கும்படி அவர் முன்னால் வைத்தாள். தேவகுமார் படிவத்தைப் பார்த்தார். விதி விதிதான். ஆனால் ரெஜிலா வரவில்லை என்று இப்போது சொன்னால் இருபத்தேழு இருபத்தாறாகும். நூற்றுக்கு நூறு போய்விடும். அலுவலர் அம்மா அதை ஏற்கெனவே மையினால் எழுதிவிட்டார். அந்தக் கணக்குக்காகவா, அசெம்பிளியில் எழுந்து நின்ற ஒரு சின்ன முகத்துக்காகவா என்று கேட்டால் அவராலேயே சொல்லமுடியாது. கடவுள் இரண்டையும் பயன்படுத்திக்கொள்கிறவர். அவர் கையெழுத்துப் போட்டார். மற்ற மூன்று படிவத்திலும் போட்டார். மூன்றே முக்காலுக்குக் குளோரி தானே கொண்டுபோய் வட்டார அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பு வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு தேவகுமார் எட்டாம் வகுப்புக்குப் போய் ஏணியைக் கழற்றினார். தரையில் நின்ற ஒரு பொம்மையின் கையில் வாளி வரைந்திருந்ததைக் கண்டு கொஞ்சநேரம் நின்றார். சுவரில் ஈரம் இறங்குகிறது, அதனால் கழற்றினேன் என்று மறுநாள் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த கூட்டம் மூன்று மணிக்கு என்ற சுற்றறிக்கையும் வந்தது. அதில் காரணம் எழுதவில்லை. அலுவலர் அம்மாவின் அறிக்கையில் 'தொலைபேசி வழிப் பெற்றோர் ஈடுபாடு: தலைமையாசிரியரின் புதுமை முயற்சி' என்று இருந்தது. அதைப் பற்றிப் பேச அவரை நாகர்கோவிலுக்கு அழைத்திருந்தார்கள். அவர் மறுக்கவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலை கிருஷ்ணமணி தோட்டத்துக்குப் போனார். கையாலை ஓரத்து மரங்களில் முப்பது சிரட்டைக்கு மேல் தண்ணீர் நின்றது. அடியில் கட்டிப்போன பால். ரெஜிலா தண்ணீரைக் கவிழ்த்து, ஒட்டுப்பாலைச் சுரண்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நல்ல வசவு இருக்கிறது என்று நினைத்தாள். அவர் அருகில் வந்து நின்றார்.

"பாரம் போச்சா?"

"போச்சு மொதலாளி. டீச்சர் கொண்டு குடுத்தாவ."

"உம்."

அவர் அடுத்த மரம்வரை அவளுடன் நடந்தார். சிரட்டைகளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சாக்கு வாய் மூடிக்கொண்டே வந்ததால் ரெஜிலா ஒரு கையால் அதைப் பிரித்து மறுகையால் சுரண்டவேண்டியிருந்தது.

"நேத்து ராத்திரி எனக்க பேத்திக்க கூட்டுக்காரி ஆருன்னு வீட்டுல கேட்டேன்" என்றார் திடீரென்று. "எனக்க மவனுக்குத் தெரியல்ல. மருமவளுக்கும் தெரியல்ல. எத்தன ரூவா பீஸு கெட்டுதோம்!"

"பிள்ளைட்ட கேக்கதுதானே மொதலாளி?"

"கேட்டேன். உங்களுக்கு எதுக்கு தாத்தா, ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்லான்னு கேக்கா."

ரெஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலாளி முன்னால் சிரிக்கலாமா என்று தெரியாமல் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிருஷ்ணமணி குனிந்து, வேட்டியில் கறை படும் என்பதையும் பார்க்காமல், சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"போடு" என்றார்.